நடுநிசிக் கணக்கு

வீட்டுக்கு வருகிற கேடுகளில் தீயும் புயலும் ஒரு விதத்தில் நேர்மையானவை. வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வருகின்றன. கூரை ஒழுகினால்கூட, சொட்டுச் சொட்டாக நம் தலையிலேயே விழுந்து சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறது. ஆனால் தரைக்கு அடியில், அஸ்திவாரத்தை ஒட்டிப் புதைந்து கிடக்கும் குழாயில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துவாரம் விழுந்துவிட்டால் அது யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், மண்ணுக்குள்ளேயே தன் காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது.

பிறகு அடையாளங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும். சுவரின் அடிப்பாகத்தில் ஓதம் ஏறும். சுண்ணாம்பு பொரிந்து உதிரும். ஒரு முறை மோட்டார் போட்டால் நிரம்பிய தொட்டிக்கு இரண்டு முறை போடவேண்டியிருக்கும். வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். கொத்தனார், "இந்த மண்ணே அப்படித்தாங்க" என்பார். பக்கத்து வீட்டுக்காரர், போன ஐப்பசி மழையின் மேல் பழியைப் போடுவார். வீட்டு எஜமானரோ, குழாயைச் சரியாக மூடாதவர் யார் என்று விசாரணை தொடங்கிவிடுவார். விசாரணையின் முடிவில் குற்றவாளியாக நிற்பது பெரும்பாலும் பதில் பேச முடியாத ஒருவராகவே இருக்கும்.

மறைவாக ஒழுகிய தண்ணீரின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க எனக்கு வியப்பாக இருந்தது இதுதான். துவாரம் குழாயில் இருக்கிறது. பழி மனிதர்கள் மேல் விழுகிறது. இரண்டாயிரம் வருஷமாக இதே கதை.

ரோமாபுரியிலிருந்து ஆரம்பிக்கலாம். கி.பி. 97-ஆம் ஆண்டில் நெர்வா சக்கரவர்த்தி, ஃபிரான்டினஸ் என்ற முதிய பிரபுவை நகரத்தின் தண்ணீர் அதிகாரியாக நியமித்தார். ஒன்பது கால்வாய்கள் மலைகளிலிருந்து ரோமாபுரிக்குத் தண்ணீர் கொண்டுவந்தன. அவற்றைப் பராமரிக்க 700 அடிமைகள் இருந்தார்கள். புதிய அதிகாரி முதல் காரியமாகக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். உள்ளே வரும் தண்ணீர், அந்தக் காலத்து அளவைப்படி, 12,755 குயினாரியா என்று எழுதியிருந்தது. வெளியே வழங்கிய தண்ணீர் 14,018 குயினாரியா! வரவைவிடச் செலவு 1,263 அதிகம். நம் குடும்பக் கணக்குகளில் இது சகஜம். ஆனால் தண்ணீரைக் கடன் வாங்கிச் செலவழிக்க முடியாதே!

ஃபிரான்டினஸ் மலைக்கே போய்க் கால்வாயின் தலைப்பில் அளந்து பார்த்தார். புத்தகத்தில் இருந்ததைவிட ஏறக்குறைய பத்தாயிரம் குயினாரியா அதிகமாக ஓடிவந்துகொண்டிருந்தது. அத்தனையும் எங்கே போயிற்று? ஊருக்குள் தோண்டிப் பார்த்தபோது, தெருக்களின் தளவரிசைக்கு அடியில் ரகசியக் குழாய்கள் நாலா பக்கமும் ஓடின. பிரதான ஈயக் குழாயில் துளை போட்டு, வழியிலிருந்த கடைக்காரர்களுக்கு விற்பதற்கென்றே தண்ணீர் இலாகாவில் ஓர் ஆள் இருந்தான். அந்தக் கள்ளக் குழாய்களைப் பிடுங்கிப் போட்டதில் கிடைத்த ஈயமே ஒரு குவியல் என்று ஃபிரான்டினஸ் தம்முடைய நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

நீரோட்டத்தின் வேகத்தைக் கணக்கில் சேர்க்கும் முறை அவருக்குத் தெரியாது. ஆகவே அவருடைய எண்களை அப்படியே நம்புவதற்கில்லை என்று இக்காலத்து அறிஞர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், வித்தியாசம் இருந்தால் பூமிக்கு அடியில் தேடு என்ற பாடம் அவரிடமிருந்து நமக்குக் கிடைத்துவிட்டது.

அந்தப் பாடத்தின் அடுத்த அத்தியாயம், பல நூற்றாண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் எழுதப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊர் கப்பல்களாலும் பஞ்சம் பிழைக்க வந்த ஜனங்களாலும் பிதுங்கி வழிந்தது. வெளிச்சம் புகாத குறுகிய முற்றங்களைச் சுற்றிக் கட்டிய வீடுகளில் ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். பிரிட்டனிலேயே முதன்முதலாக ஒரு நகரசபை சுகாதார வைத்திய அதிகாரியை 1847-ல் நியமித்தது அங்கேதான் என்றால், ஊர் இருந்த நிலையை ஊகித்துக் கொள்ளலாம்.

1870-களின் தொடக்கத்தில் லிவர்பூலில் தண்ணீர் நாள் முழுவதும் வரவில்லை. வேளை பார்த்துத் திறந்தார்கள். வேளை பார்த்து மூடினார்கள். காத்திருந்து பிடிப்பது, பாத்திரங்களில் சேர்த்து வைப்பது, அது கெட்டுப் போவது என்ற சங்கிலியை நம்மவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டில் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் ஆபத்தும் உண்டு. குழாயில் தண்ணீர் நிறைந்து அழுத்தத்தோடு இருக்கும் வரையில், துவாரத்தின் வழியாக உள்ளிருப்பது வெளியே போகும். தண்ணீரை நிறுத்திக் குழாய் காலியானதும், அதே துவாரம் சுற்றியிருக்கும் சாக்கடை ஈரத்தை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி திறக்கும்போது முதலில் வருவது அதுதான்.

தண்ணீர் போதாததற்கு ஜனங்களின் அஜாக்கிரதைதான் காரணம் என்று சொல்வது அந்த நாளில் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. இந்தச் சமயத்தில் 1871-ல் நகர எஞ்சினீயராக வந்தவர் ஜார்ஜ் ஃபிரடெரிக் டீகன். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அவருடைய வாழ்க்கையில் அதற்கு முன் நடந்த ஒரு சம்பவம் கதை எழுதுகிறவனுக்கு மிகவும் பிடித்தமானது. 1865-ல் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற மாபெரும் கப்பல் அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் தந்திக் கம்பி போடச் சென்றபோது, டீகன் அதில் உதவியாளராகப் போயிருந்தார். கம்பியின் உறையில் எங்கோ பழுது ஏற்பட்டால், ஆழ்கடலில் கிடக்கும் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. கப்பலில் உட்கார்ந்தபடியே மின்சாரத்தை அளந்து, பழுதை ஊகித்து, கம்பியை மேலே இழுத்துச் சரி செய்தார்கள். கடலுக்கு அடியில் கற்ற வித்தையைத்தான் டீகன் பிற்பாடு தெருவுக்கு அடியில் பிரயோகித்தார் என்று நான் நினைத்துக் கொள்கிறேன்.

1873-ல் அவர் ஒரு கருவியைச் செய்தார். மேலே குறுகி, கீழே போகப்போக அகன்றிருக்கும் ஒரு குழல். அதற்குள் ஒரு தட்டு, கம்பியில் தொங்குகிறது. மறுமுனையில் எதிர் எடை. தண்ணீர் அதிகமாக ஓடினால் தட்டு கீழே தள்ளப்படும்; குறைந்தால் மேலே வரும். தட்டோடு சேர்ந்து ஒரு பென்சிலும் நகர்ந்து, கடிகார யந்திரத்தால் சுழலும் உருளைமேல் சுற்றிய காகிதத்தில் கோடு போடும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோடு ஒரு பேட்டையின் சுயசரிதம். விடியற்காலையில் எழும்புகிறது; சமையல் வேளையில் துள்ளுகிறது; மாலையில் இன்னொரு முறை ஏறுகிறது; ஊர் அடங்க அடங்கத் தாழ்கிறது.

நடுநிசிக்குப் பின்தான் ரகசியம் வெளியாகிறது. எல்லோரும் உறங்கும் நேரத்தில் கோடு பூஜ்யத்துக்கு வரவேண்டுமல்லவா? வரவில்லை. ஏதோ ஓர் உயரத்தில், அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல், விடியும் வரையில் நேராக ஓடிற்று. மனிதர்கள் எடுக்கும் தண்ணீர் அப்படி நேர்கோடு போடாது. மனிதன் திறப்பான், மூடுவான். கோடு பல் பல்லாக இருக்கும். ஒழுக்குக்கு மட்டும்தான் தூக்கம் கிடையாது.

அடுத்த காரியம், அது எந்த வீடு என்று கண்டுபிடிப்பது. இரவு நேரத்தில் பரிசோதகர்கள் தெருத் தெருவாகச் சென்றார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் குழாயின் அடைப்பான்மேல் நீண்ட இரும்புச் சாவியை நிறுத்தி, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார்கள், வைத்தியர் மார்பில் குழல் வைத்துக் கேட்பதைப் போல. 'உஸ்' என்ற இரைச்சல் கேட்டால், அடைப்பானை மூடிவிட்டு மணியைக் குறித்துக் கொண்டார்கள். அதே நிமிஷத்தில் எங்கோ இருக்கும் உருளையின்மேல் பென்சில் ஒரு படி இறங்கும். காலையில் குறிப்பையும் காகிதத்தையும் ஒப்பிட்டால், இன்ன வீட்டில் இவ்வளவு ஒழுகுகிறது என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். அந்த வீட்டுக்கு மட்டும் போய்த் தோண்டினால் போதும். ஊரிலுள்ள எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்து சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தேவையில்லை.

இப்படி ஒழுக்குகளை அடைத்ததன் பலனாக, புதிய தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்காமலே, லிவர்பூலில் இடைவிடாத தண்ணீர் வழங்கலை டீகன் மறுபடி கொண்டுவந்தார். பிற்காலத்தில் ஊர் பெருத்தபோது, வேல்ஸ் நாட்டில் விர்ன்வி அணையையும் அவர்தான் எழுப்பினார். 1892-ல் அங்கிருந்து தண்ணீர் வந்து சேர்ந்தது. லான்வுதின் என்ற ஒரு கிராமமே அந்த ஏரியில் மூழ்கிப் போயிற்று. ஆகவே, கசிவை அடைத்துவிட்டால் ஏரியே வேண்டாம் என்று நான் வாதாட வரவில்லை. பிறருடைய கிராமத்தை முழுகடிப்பதற்கு முன்னால் நம் வீட்டுக் குழாயில் காதை வைத்துக் கேட்பது மரியாதை என்றுதான் சொல்கிறேன்.

இந்த மரியாதை குறைந்துபோகும் விதத்தை நானே பார்த்திருக்கிறேன். நான் முன்பு குடியிருந்த ஒண்டுக்குடித்தன வீட்டில் மூன்று குடும்பங்களுக்கு ஒரே தொட்டி. அது சாயங்காலத்துக்குள் வற்றிவிடும். பின்கட்டு மாமிக்கு நாலு குழந்தைகள். எனவே தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. "கொஞ்சம் பார்த்துச் செலவழியுங்கோ, மாமி" என்று வீட்டுக்காரர் தினம் சொல்வார். மாமி பேசமாட்டாள். ஒரு நாள் துணி துவைக்கும் கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெயர்த்துப் பார்த்தால், அடியில் மண் கரைந்து ஓர் ஆள் இறங்கும் அளவுக்குப் பள்ளம். அதன் நடுவே துருப்பிடித்த குழாய் விசிறிபோல் பீச்சிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் மாமி வாயைத் திறந்தாள். "இத்தனை நாளா என் குழந்தைகள் குடிச்ச தண்ணியைன்னா கணக்குப் பார்த்தேள்!" என்றாள். வீட்டுக்காரர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதையே மிகப் பெரிய அளவில் பார்க்க அமெரிக்காவுக்குப் போகலாம். நியூயார்க் நகரத்துக்குத் தேவையான தண்ணீரில் ஏறக்குறையப் பாதியைக் கொண்டுவருவது டெலவேர் சுரங்கக் கால்வாய். 1939-க்கும் 1944-க்கும் இடையே பாறையைக் குடைந்து கட்டியது. நீளம் 85 மைல். இதில் நாளொன்றுக்கு 3.5 கோடி காலன் வரை, அதாவது 13 கோடி லிட்டருக்கு மேல், ஒழுகுகிறது என்று தெரியவந்தது. ஒழுகிய இடங்களில் ஒன்று வாவர்சிங் என்ற சிற்றூருக்கு அடியில். அந்த ஊர் ஜனங்களின் வீடுகளில் நிலவறைகள் வெள்ளக்காடாயின. இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்தார்கள். இங்கேயும் கேள்வி அதேதான். இது நகரத்தின் தண்ணீரா, நிலத்தின் தண்ணீரா? சுரங்கத்தைச் சிறிது காலம் மூடியபோது ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பக்கத்துக் கிணறுகளை அளந்தார்கள். நீர்மட்டம் இறங்கிற்று. டீகனுடைய பென்சில் இறங்கிய அதே மாதிரி!

ஒழுகும் பகுதியில் மிகப் பெரியதைத் தவிர்த்துச் செல்வதற்காக, ஹட்சன் நதிக்கு அடியில் 600 அடி ஆழத்தில், இரண்டரை மைல் நீளத்துக்கு ஒரு மாற்றுச் சுரங்கம் குடைந்தார்கள். துளைக்கும் வேலை 2019-ல் முடிந்தது. பழைய சுரங்கத்தை மூடி இணைப்பு வேலையை 2024-ல் ஆரம்பித்தபோது வறட்சி குறுக்கிட்டது. நவம்பர் மாதத்தில் நிறுத்தி வைத்தார்கள். ஒழுகும் பாத்திரமேயானாலும், பஞ்ச காலத்தில் அதைக் கீழே வைக்க முடியவில்லை.

நம் வீட்டுக்கு நியூயார்க்கின் சாமர்த்தியம் வேண்டியதில்லை. நிமிஷத்துக்குக் கால் லிட்டர் ஒழுகினால் நாளைக்கு 360 லிட்டர். இருபதுக்கு மேற்பட்ட குடங்கள். அது வெறுமே போவதுமில்லை. மணற்பாங்கான இடத்தில் மண்ணை அரித்துத் தரைக்கு அடியில் பொந்து உண்டாக்குகிறது. களிமண் பூமியில் மண்ணை ஊதச் செய்து சுவரில் விரிசல் காட்டுகிறது. சந்தேகம் வந்தால் இரவு படுக்கப் போகும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மீட்டர் உள்ளவர்கள் அதன் எண்ணைக் குறித்துக் கொள்ளலாம். இல்லாதவர்கள் மேல்தொட்டியின் உள்சுவரில் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு கோடு போடலாம். காலையில் யாரும் எழுந்து குழாயைத் திறப்பதற்குள் போய்ப் பார்க்கவேண்டும். மட்டம் இறங்கியிருந்தால், ஒவ்வொரு கிளைக்கும் உள்ள வால்வை ஒவ்வோர் இரவாக மூடிப் பார்த்தால் எந்தக் கிளை என்பது அகப்பட்டுவிடும்.

பிறகு வேலைக்காரர்கள் வரட்டும். மண்ணுக்கடியிலுள்ள இரைச்சலைப் பெருக்கிக் காட்டும் கருவிகள் இப்போது இருக்கின்றன. குழாயின் இரண்டு முனைகளில் வைத்து, சத்தம் எந்த முனைக்கு எவ்வளவு முந்தி வந்தது என்று கணக்கிட்டுத் துவாரத்தின் தூரத்தைச் சொல்லுகிற கருவியும் உண்டு. பிளாஸ்டிக் குழாய் சத்தத்தை விழுங்கிவிடும். அதற்கு, சிறிதளவு ஹைட்ரஜன் கலந்த வாயுவைக் குழாயில் செலுத்தி, அது தரையில் எங்கே மேலே வருகிறதென்று முகர்ந்து பார்க்கும் யந்திரம் இருக்கிறது. இடம் தெரிந்துவிட்டால், அங்கே மட்டும் தரையைப் பெயர்த்து ஒட்டுப் போடலாம். குழாயே கிழடாகிவிட்டிருந்தால், அதை மண்ணுக்குள்ளேயே ஓய்வெடுக்க விட்டுவிட்டு, சுவரோடு கண்ணுக்குத் தெரியும்படி புதுக் குழாய் கொண்டுபோவது புத்திசாலித்தனம். எந்த வழியானாலும், பள்ளமான இடத்தை மண் கொட்டி நன்றாகக் கெட்டித்த பிறகுதான் தளம் போடவேண்டும்.

செலவு பெரிதல்ல. ஓர் இரவு, ஒரு பென்சில் கோடு. அந்தக் கோடு சொல்லும் வரையில் வீட்டில் யாரையும் கோபித்துக்கொள்ளாமல் இருப்பதுதான் கொஞ்சம் கஷ்டமான பகுதி.