சிற்றிலும் சிறுவீடும்

மார்கழி பிறந்ததும் திருநெல்வேலி வட்டாரத்தில் சிறுமியர் வீட்டு முற்றத்தில் களிமண்ணால் ஒரு விளையாட்டு வீடு சமைப்பர். தாழ்ந்த சுவர்களால் அறை, அடுக்களை, வாயில் எனப் பகுத்துச் சாணத்தால் மெழுகிக் கோலமிடுவர். நாள்தோறும் வைகறையில் சாண உருண்டைகளில் பூசணிப்பூவைச் செருகி வைப்பர்; பின்னர் அவற்றை எருவாகத் தட்டி உலர்த்திச் சேமிப்பர். பொங்கலை அடுத்துத் தை மாதத்தில் ஒரு நாள், அவ்வீட்டின் முன் சிறு பானையில் பொங்கலிட்டுப் படைத்து, சேமித்தவற்றை ஆற்றில் விடுவர். இதுவே சிறுவீட்டுப் பொங்கல். இப்பெயரில் அடங்கிய சொல்வரலாற்றை இங்குக் காண விழைகின்றோம்.

விளையாட்டு வீட்டுக்குப் பழந்தமிழ் வழங்கிய பெயர் சிற்றில். சிறுமை என்னும் பண்புப்பெயரின் ஈறு கெட்டு, தன்னொற்று இரட்டி, இல் என்பதோடு புணர்ந்த வடிவம் அது. கலித்தொகையின் 51ஆம் பாடலில் மணலால் இழைத்த சிற்றிலைக் காலால் சிதைத்த சிறுவனைத் தலைவி நினைவுகூர்கின்றாள். நெய்தல் நிலப் பெண்கள் கானலில் இழைத்ததனைக் குறுந்தொகை சிறுமனை என்கின்றது. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் சிற்றிலைச் சிதைக்க வேண்டா எனக் கண்ணனை இரப்பது. ஆண்பாற் பிள்ளைத்தமிழிலும் சிற்றில் ஒரு பருவமாக அமைந்தது.

எனினும் சொல்லைக் கண்டவுடன் பொருளைத் துணிதல் ஆகாது. புறநானூறு 86ஆம் பாடலில் வரும் சிற்றில், மறக்குடித் தாய் வாழும் சிறிய இல்லமே. திருப்பாவையின் எட்டாம் பாட்டில் வரும் சிறுவீடும் விளையாட்டு வீடன்று. எருமைகளை விடியலில் சிறிதுபொழுது மேயவிடுதலைக் குறிப்பது. விடு என்னும் வினை முதல் நீண்டு வீடு எனப் பெயராயிற்று. பழைய நூல்களில் விடுதலைப் பொருளே அதற்கு முதன்மை. இருப்பிடத்தை இல், மனை என்றே பெரிதும் வழங்கினர். பிற்காலத்தில் வீடு அவ்விடத்தைப் பெற்றபோது, சிற்றில் நின்ற இடத்தில் மக்கள் வழக்கில் சிறுவீடு வந்து நின்றது. இலக்கியச் சிற்றில் சிதைக்கப்படுவது. முற்றத்துச் சிறுவீடோ பொங்கல் வரை காக்கப்படுவது.

அடுக்குமாடியில் வளரும் நம் மாணவர்க்கு மண்முற்றம் பழக்கமில்லாதது. வகுப்பில் சிற்றிலுக்குச் 'சிறிய வீடு' என்று மட்டும் பொருளுரைத்தால், அது சிதைந்தமைக்கு ஒரு பெண் ஏன் கலங்கினாள் என்பது அவர்களுக்கு விளங்காது. ஒரு பிடிக் களிமண்ணைக் கொடுத்துச் சுவர் எழுப்பி வாயிலில் கோலமிடச் செய்த பின்னர்ப் பாடலைத் தொடங்குமாறு ஆசிரியர்களை வேண்டுகின்றோம். தம் கையால் இழைத்ததை ஒருவர் கலைக்க வரும்போது அவர்கள் எழுப்பும் குரலே அப்பாடல்களுக்கு ஏற்ற உரையாகும்.