பார் ஹாப்பிங் என்றால் என்ன? நெல்லை - குற்றாலம் 'நைட் அவுட்' பிளான் போடுறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு

ஒரே இரவு. நாலு ஹோட்டல். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கிளாஸ், ஒரு சைட் டிஷ். அடுத்த இடத்துக்குக் கிளம்பு. இதுக்குப் பேருதான் 'பார் ஹாப்பிங்'. வெளிநாட்டு ரீல்ஸ் பார்த்துவிட்டு, "சீசன் டைம்ல நம்ம பக்கமும் இதைப் பண்ணலாமே" என்று வாட்ஸ்அப் குரூப்பில் பிளான் போடுகிறவர்கள் உண்டு. நெல்லையில் ஆரம்பித்து தென்காசி, குற்றாலம், பிரானூர் பார்டர் என ரூட்டும் ரெடியாக இருக்கும்.

ஆனால் அந்த ரீல்ஸில் இருக்கும் முக்கியமான ஒன்று இந்த ரூட்டில் கிடையாது. அது என்ன, சட்டம் என்ன சொல்கிறது, நம் உடம்புக்கு எவ்வளவு நேரம் தேவை என்பதைப் பார்க்கலாம்.

டிஸ்னியில் எப்படி நடக்குது?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 1971 அக்டோபரில் திறக்கப்பட்டது. குழந்தைகளுக்கான இடம்தான். அங்குள்ள மேஜிக் கிங்டம் பார்க்கில் 2012 வரை பொதுமக்களுக்கு மது பரிமாறப்பட்டதே இல்லை. ஆனால் பார்க்கைச் சுற்றியுள்ள ஹோட்டல்களின் கதை வேறு. கன்டெம்ப்ரரி, பாலினேசியன், கிராண்ட் ஃபுளோரிடியன் ஆகிய 3 ஹோட்டல்களை ஒரே மோனோரயில் இணைக்கிறது. டிக்கெட் கிடையாது. பிள்ளைகளை விட்டுவிட்டு பெரியவர்கள் மட்டும் ஒரு ஹோட்டலில் ஏறி அடுத்த ஹோட்டலில் இறங்கி, சாப்பிட்டு, குடித்து, கடைசியில் தங்கள் அறைக்கே திரும்பிவிடுகிறார்கள். பாலினேசியனில் உள்ள 'டிரேடர் சாம்ஸ்' பாரில் இரவு 8 மணிக்கு மேல் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே அனுமதி.

கவனிச்சீங்களா? இந்தக் கதையில் யாருமே வண்டி ஓட்டவில்லை. நம்ம ரூட்டில் இல்லாதது அதுதான்.

நம்ம ரூட் எப்படி இருக்கு?

தாமிரபரணிக் கரையில் தீம் பார்க் ஹோட்டல் வரிசை எதுவும் கிடையாது. நமக்கு தீம் பார்க்கே குற்றாலம்தானே! சாப்பாட்டு ஹாப்பிங் என்று பார்த்தால் இந்த ரூட்டை அடிச்சுக்க ஆள் இல்லை. நெல்லை டவுனில் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், சில மணி நேரத்தில் அல்வா தீர்ந்துவிடும். சுடச்சுட வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு, ரத வீதிகளில் நடந்தே அடுத்தடுத்த கடைகளைப் பார்க்கலாம்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். நெல்லையிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாக தென்காசி 50 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர். செங்கோட்டை பக்கம் போனால் பரோட்டாவுக்கும் நாட்டுக்கோழிக்கும் பேர்போன பிரானூர் பார்டர். (1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. எல்லை மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, 'பார்டர்' என்ற பேர் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.) அல்வாவுக்கும் பரோட்டாவுக்கும் நடுவில் பார்களைச் சேர்த்தால், ஒவ்வொரு 'ஹாப்'பும் பைக்கிலோ காரிலோதான்.

'பெரியவர்கள் மட்டும்' என்றால் எத்தனை வயசு?

18 வயதில் ஓட்டுப் போடலாம், டிரைவிங் லைசென்ஸ் வாங்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. மலையைத் தாண்டி கேரளாவுக்குள் போனால் அந்த வயது 23. செங்கோட்டையில் ஓகே ஆன 22 வயசு நண்பர் ஆரியங்காவில் ஓகே ஆக மாட்டார்.

டாஸ்மாக் கடைகள் 2016 முதல் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. ஹோட்டல் பார்களின் நேரம் அவற்றின் லைசென்ஸைப் பொறுத்தது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாது நபி ஆகிய 8 நாட்கள் விடுமுறை. ஆகஸ்ட் 15 லாங் வீக்கெண்டுக்கு குற்றாலம் பிளான் போடுறவங்க இதை மறந்துட்டு வந்து நிற்பது வழக்கம்!

ஒரு 'லார்ஜ்' போட்டா என்ன ஆகும்?

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். இந்தியாவில் வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். ஃபுளோரிடாவில் இந்த அளவு 80. அதாவது அமெரிக்க வீடியோவில் "ஒண்ணு ரெண்டு அடிச்சா பிரச்னை இல்லை" என்று யாராவது சொன்னால், அது இங்கே செல்லாது.

கணக்கைப் பாருங்க. நம்ம ஊர் விஸ்கி, பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 60 மில்லி, அதாவது ஒரு லார்ஜில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 20 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு இதுவே ரத்தத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் வரை கொண்டுபோகும். ஒரே லார்ஜ், லிமிட் தாண்டியாச்சு. 7 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் என்றால் 90-ஐ நெருங்கும். "பீர்தானே" என்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும். பெண்களுக்கு உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், அதே எடையில் அதே அளவு குடித்தாலும் இன்னும் கூடுதலாக ஏறும்.

இறங்குவது? மணிக்கு சுமார் 15 மில்லிகிராம்தான். கல்லீரல் அதன் வேகத்தில்தான் வேலை பார்க்கும். மோர், எலுமிச்சை, கட்டங்காப்பி, குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. வயிறு நிறைய பரோட்டா சாப்பிட்டால் ஏறுவது மெதுவாகும், ஏறியது சீக்கிரம் இறங்காது.

இப்போ பார் ஹாப்பிங் கணக்கு. மாலை 6 மணிக்கு ஆரம்பித்து 10 மணிக்குள் 4 இடங்களில் ஆளுக்கு ஒரு லார்ஜ். மொத்தம் 200. அந்த 4 மணி நேரத்தில் 60 கழிந்தாலும் மீதி 140. அது 30-க்கு இறங்க இன்னும் 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதாவது விடியற்காலை 5 மணி தாண்டும். இது தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனா "தூங்கி எந்திரிச்சிட்டேன், தெளிஞ்சிட்டேன்" என்று 4 மணிக்கு அருவிக்கு வண்டியை எடுப்பவர் சட்டப்படி இன்னும் குடிபோதையில் ஓட்டுபவர்தான்.

பிடிபட்டால் என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் 15,000 ரூபாய் அல்லது 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். தகுந்த காரணம் இல்லாமல் ஊத மாட்டேன் என்று மறுத்தால் அதையே உங்களுக்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்ள சட்டத்தில் இடம் இருக்கிறது.

"நான் பின்னாடி உட்கார்ந்துதானே வந்தேன்?" அதுவும் முழுசா தப்பிக்கும் வழி இல்லை. குடித்துவிட்டு ஓட்டத் தூண்டுபவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-வது பிரிவு. சென்னை போக்குவரத்து போலீஸ் 2022-ல் கூட வந்தவர்களுக்கும் அபராதம் என்று அறிவித்தது இதை வைத்துத்தான். விபத்து நடந்தால், குடித்துவிட்டு ஓட்டியவரின் வண்டி சேதத்துக்கு இன்சூரன்ஸ் கிளெய்மும் கிடைக்காது.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னதும் சாலை மரணங்களைப் பார்த்துத்தான். மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் இது பொருந்தாது என 2017 ஜூலையில் விளக்கம் வந்தது. கடையைத் தள்ளி வைக்கலாம், பார்க்கிங்கில் நிற்கும் பைக்கை யார் தள்ளி வைப்பது?

அப்போ எப்படித்தான் திரும்புறது?

நமக்கும் ஒரு 'மோனோரயில்' இருக்கு. நெல்லையிலிருந்து சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், தென்காசி வழியாக செங்கோட்டை போகும் ரயில் பாதை. பாதி தூரம் தாமிரபரணி பாசன வயல்கள் ஊடாகத்தான் போகும். ஆனால் ரயில்கள் குறைவு, நேரத்தை முன்னாடியே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, ரயிலிலோ ஸ்டேஷனிலோ போதையில் இருப்பது ரயில்வே சட்டம் 145-வது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். ஆக, போகும்போது ரயில் சரி. தள்ளாடிக்கிட்டு திரும்ப அது வழி இல்லை.

நடைமுறையில் ரெண்டே வழிதான். ஒன்று, எங்கே குடிக்கிறீர்களோ அங்கேயே ரூம் போடுவது. டிஸ்னிக்காரர்கள் செய்வதும் இதைத்தான். இரண்டு, அன்றைக்கு ஒரு சொட்டும் தொடாத ஒருவர் ஓட்டுவது. அவர் நண்பரோ, வாடகை கார் டிரைவரோ. வாடகை கார் என்றால் கிளம்பும்போதே போக வர பேசிவிடுங்கள், ராத்திரி 11 மணிக்கு குற்றாலத்தில் நின்று தேட வேண்டாம். "கம்மியா குடிச்சவன் ஓட்டட்டும்" என்பதுதான் இருப்பதிலேயே மோசமான பிளான். மேலே உள்ள கணக்குப்படி ஒரு லார்ஜ் போட்டவரும் லிமிட்டுக்கு வெளியேதான்.

அருவியில் என்ன கவனிக்கணும்?

பொது இடத்தில் குடிப்பதும் போதையில் திரிவதும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அருவிக்கரையும் பொது இடம்தான். பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் மேலே போகிறவர்களின் பைகளை வனத்துறை சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். அது களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம், பாட்டிலோடு உள்ளே போக முடியாது.

2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் வந்தபோது குளித்துக் கொண்டிருந்தவர்கள் அலறி அடித்து ஓடினார்கள். ஒரு மாணவர் உயிரிழந்தார். அந்தச் சம்பவத்துக்கும் மதுவுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது, ஓட சில வினாடிகள்தான் கிடைக்கும். ரத்தத்தில் 140 இருக்கும் ஆளுக்கு அந்த வினாடிகள் போதாது. முந்தின நாள் ராத்திரி பார் என்றால், அருவியை மத்தியானத்துக்கு வச்சுக்கோங்க.