நாம் வாழும் நகர்

ஊர் எதுவென்று கேட்டால் நாம் இராமநாதபுரம் என்போம், திருநெல்வேலி என்போம். நம் மக்களோ ஃபீனிக்ஸ் பே என்கின்றனர். ஆதலின் இவ்வூரை அறிதல் நம் கடன்.

1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் நிறுவிய குடியேற்றம் நிலைக்கவில்லை. 1858 மார்ச்சு 10-ஆம் நாள் 200 கைதிகளுடன் கப்பலொன்று வந்தது. இந்நகர் அன்று பிறந்தது. காடு வெட்டப்பட்டது. அக்காட்டுக்கு உரியோரான பெரும் அந்தமானியர் 1859 மே 17-இல் அபர்தீனில் எதிர்த்துப் போரிட்டுத் தோற்றனர். பின்னர் நோய்களும் அவர்களை அழித்தன. இன்று எஞ்சியோர் மிகச் சிலரே.

1883-இல் சாத்தம் மர ஆலை எழுந்தது. 1957-இல் நகராட்சி அமைந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம்; வங்காளியர், தெலுங்கர், தமிழர் முதலிய பலரும் அண்டை வீட்டாராய் வாழ்கின்றோம். 2024-இல் போர்ட் பிளேர் என்னும் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று.

அரசுப் பணி, கப்பல் துறை, மீன்பிடிப்பு, வாணிகம், சுற்றுலா ஆகியவையே இங்குப் பிழைப்பு. நம் ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையும் தீவுகளுக்குச் செல்லும் படகுத்துறையும் உள்ளன. எம் தொழில் இரயில்வே எழுத்து வேலை. இங்கோ இருப்புப்பாதையே இல்லை. அரிசியும் பருப்பும் கப்பலில் வரவேண்டும். குடிநீரோ மழையை நம்பியது. தானிக்காரி அணை வற்றினால் குழாயும் வற்றும்.

வந்தவர் பலரும் வாழ இடந்தந்த மண் இது. இதன் நீரைச் சிக்கனமாய்ச் செலவிடுவோம். மண்ணை இழந்தோரையும் மறவாதிருப்போம். தமிழோடு இக்கதையையும் நம் மக்களுக்குச் சொல்வோமாக.