நைட் ஷிஃப்டில் காணாமல் போன 12 நிமிடம்

"மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடுடா" என்று சொல்லிவிட்டு அம்மா மாடிக்குப் போவார். சரியாக அப்போதுதான் நமக்குப் போன் வரும். பேசி முடித்துத் திரும்பினால் பக்கத்தில் விளையாடும் வாண்டு, "விசில் வந்துச்சு" என்று சொல்லும். எத்தனை என்று கேட்டால் தெரியாது. சரி, ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அடிபிடித்த வாசனை வந்த பிறகுதான் அது மூன்று என்று தெரியும்.

லினக்ஸ் கெர்னல் பல வருடங்கள் இப்படித்தான் மணி பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் சிலருக்குச் சம்பளத்தில் கை வைத்தார்கள், அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் இந்தப் பதிவு.

2005 தொடக்கம். புனே பக்கத்தில் ஒரு தொழிற்சாலை (பெயர் வேண்டாமே). கார்டு தேய்க்கும் மெஷின்களுக்கு நேரம் கொடுக்கும் சர்வரில் லினக்ஸ் 2.4-ஐ எடுத்துவிட்டு 2.6 போட்டவன் அடியேன். அடுத்த சம்பளத்தில் நைட் ஷிஃப்ட்காரர்கள் பலருக்கு, சீக்கிரம் கிளம்பினார்கள் என்று அரை நாள் பிடித்தம். தர்மபுரிப் பக்கத்துக்காரர் ஒருவர், காண்ட்ராக்ட் தொழிலாளி, நான் தமிழ் என்று தெரிந்து தேடி வந்தார்.

"சார், சங்கு ஊதினதுக்கு அப்புறம்தான் சார் கார்டு தேச்சேன். ஏழு மணி சார். அதுல 6:48-னு காட்டுதாம்."

காலை ஒன்பதரைக்கு சர்வரைப் பார்த்தேன். நேரம் நொடி பிசகாமல் இருந்தது. "மெஷின் பொய் சொல்லாதுங்க" என்று அவரிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் உறுத்துகிற வாக்கியம் அது.

கொஞ்சம் பழைய கதை. பி.டி.பி-11 கம்ப்யூட்டரில் யூனிக்ஸ் வளர்ந்த காலத்தில், அமெரிக்கக் கரண்டின் துடிப்பையே கடிகாரமாக வைத்துக்கொண்டு நொடிக்கு 60 முறை எண்ணினார்கள். (நம் ஊர்க் கரண்ட் என்றால் 50!) 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் 8253 என்ற டைமர் சிப் இருந்தது. டாஸ் அதை வைத்து நொடிக்கு 18.2 முறை எண்ணியது. 1991-ல் பிறந்த லினக்ஸ் அதே வகைச் சிப்பை நொடிக்கு 100 முறை தட்டச் சொன்னது. ஒவ்வொரு தட்டும் ஒரு இன்டரப்ட், அதாவது ஒரு விசில். கெர்னல் கையிலிருக்கும் வேலையை நிறுத்தி, ஜிஃபீஸ் என்ற எண்ணில் ஒன்றைக் கூட்டிவிட்டுத் திரும்பிப் போகும்.

முக்கியமான வேலை நடக்கும்போது கெர்னல் 'இப்போது யாரும் கூப்பிடாதே' என்று இன்டரப்டுகளை நிறுத்தி வைக்கும். அந்த நேரத்தில் வரும் தட்டை 8259 என்ற இன்னொரு சிப் நினைவில் வைத்திருக்கும். ஆனால் அதன் ஞாபகம் நம் வாண்டு மாதிரிதான்: வந்தது என்று தெரியும், எத்தனை என்று தெரியாது. இரண்டாவது தட்டு போனது போனதுதான்.

நொடிக்கு 100 என்றிருந்தவரை தட்டுக்குத் தட்டு 10 மில்லிசெகண்ட் இடைவெளி. அவ்வளவு நேரம் யாரும் கதவைச் சாத்தி வைப்பது அபூர்வம். 2003 டிசம்பரில் வந்த 2.6, டைமர்கள் இன்னும் துல்லியமாக இருக்கட்டும் என்று, பி.சி.க்களில் அதை 1000 ஆக்கியது. இடைவெளி 1 மில்லிசெகண்ட். அதுவரை யாருக்கும் தெரியாமல் இரண்டு மூன்று மில்லிசெகண்ட் கதவைச் சாத்தி வைத்திருந்த டிரைவர்களெல்லாம் திடீரென்று மாட்டிக்கொண்டார்கள். டைமர் மேல் ஒரு தப்பும் இல்லை.

கெர்னல்காரர்களுக்கும் இது தெரியும். சி.பி.யு.வுக்குள் தானாக ஓடும் டி.எஸ்.சி. என்ற எண்ணியோடு ஒப்பிட்டு, தொலைந்த டிக்குகளைத் திரும்பச் சேர்க்கும் வழி வைத்திருந்தார்கள். ஆனால் அன்றைய பல லேப்டாப்களில் பேட்டரி மிச்சம் பிடிக்க சி.பி.யு. வேகம் குறைந்தால் அந்த எண்ணியும் மெதுவாகிவிடும், ஒப்பீடே தப்பாகும். எங்கள் சர்வரில் அந்தச் சிக்கலுக்குக்கூட வழியில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் யாரோ, டைமர் சிப்பை மட்டும் நம்பு என்று ஒரு பூட் ஆப்ஷன் போட்டிருந்தார். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். திருத்தமே கிடையாது.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது கையில் இருந்தது ஒரு பட்டியல்தான். இரவு 11 மணிக்கு உள்ளே வந்த நேரங்கள் சரி, வெளியே போன நேரங்கள் மட்டும் தப்பு. தினமும் காலை 8 மணிக்கு நேரத்தைச் சரிசெய்யும் ஒரு க்ரான் வேலை இருப்பதும் கண்ணில் பட்டது. ஒன்பதரைக்கு வந்த எனக்கு அது எப்படித் தப்பாகத் தெரியும்?

ஒரு ராத்திரி அங்கேயே உட்கார்ந்தேன். டைமர் இன்டரப்ட் எண்ணிக்கையைப் பார்த்து, 'ஸ்லீப் 100' கொடுத்து, மறுபடி பார்த்தேன். கிட்டத்தட்ட 1,00,000. பரவாயில்லையே! ஒரு மணிக்கு பேக்கப் தொடங்கிய பிறகும் அதே எண். அப்புறம்தான் உறைத்தது, ஸ்லீப்பும் அதே டிக்குகளைத்தானே எண்ணுகிறது? திருடனையே சாட்சிக்குக் கூப்பிட்ட கதை :-)

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்து 100 நொடி பார்த்தேன். சுமார் 95,000 தான். நூற்றுக்கு ஐந்து போகிறது. பேக்கப் ஓடுவது ஒன்றிலிருந்து ஐந்து மணி வரை, 240 நிமிடம். அதில் நூற்றுக்கு ஐந்து 12 நிமிடம். அவர் சொன்ன 6:48.

பழைய ஐ.டி.இ. டிஸ்க், டி.எம்.ஏ. இல்லாமல், இன்டரப்டை நிறுத்தி வைத்துக்கொண்டு சி.பி.யு. தானே வாரி வாரி எடுத்துக்கொண்டிருந்தது. ஹெச்.டி.பார்ம் கட்டளையில் இரண்டு மாற்றம் செய்தேன். மறுபடி 1,00,000, இந்த முறை கைக்கடிகாரத்தின்படி.

2005 ஆகஸ்டில் 2.6.13 அந்த 1000-ஐ 250 ஆக்கியது, வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று. அது சமரசம்தான். அடுத்த வருடம் 2.6.16-ல் தாமஸ் க்ளைக்ஸ்னரும் இங்கோ மொல்னாரும் எழுதிய ஹெச்.ஆர்.டைமர்கள் வந்தன. 2.6.18-ல் ஜான் ஸ்டல்ட்ஸின் மாற்றத்தால், கெர்னல் விசில் எண்ணுவதை விட்டுவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியது. தானாக ஓடும் ஒரு எண்ணியைப் படித்து நேரம் சொல்வது என்பதால், நடுவில் ஒன்றிரண்டு தட்டு தொலைந்தாலும் மணி பிசகாது. 2007-ல் 2.6.21 இன்னும் ஒரு படி போய், வேலை இல்லாதபோது தட்டுவதையே நிறுத்தியது.

நான் கணக்கோடு ரிப்போர்ட் கொடுத்தேன். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு அடுத்த மாதச் சம்பளத்தில் பணம் திரும்ப வந்தது. காண்ட்ராக்ட் ஆட்களின் கணக்கைக் காண்ட்ராக்டரிடம் கேட்கச் சொன்னார்கள். போய்க் கேட்டேன். தர்மபுரிக்காரர் வேலையை விட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது என்றார்கள்.