கல்கத்தா மகா பொருட்காட்சி

கோவைக் கொடிசியா வளாகத்திலே இயந்திரக் கண்காட்சி நடைபெறுங்கால், நம் சோமனூர்த் தறிக்காரர் பலர் சென்று புதுத்தறிகளைப் பார்த்து, விலை விசாரித்து மீள்வதுண்டு. உலகநாடுகளின் பண்டங்கள் ஒருங்கு கூடிய காட்சியொன்று நம் பாரதநாட்டிலே முன்னரே நிகழ்ந்தமையை அறிந்தோர் சிலரே. அதனை ஈண்டுச் சிறிது உரைப்பாம்.

இவற்றிற்கெல்லாம் முன்மாதிரியாய் நின்றது, 1851-ஆம் ஆண்டு மே முதல் அக்டோபர் வரை இலண்டன் மாநகரிற் கண்ணாடி மாளிகை எடுத்து நடத்திய பெருங்காட்சி. அதனைக் கண்டோர் தொகை 60 இலட்சம். பின்னர்ப் பாரிஸும் வியன்னாவும் சிட்னியும் மெல்போர்னும் அவ்வழியே சென்றன.

ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த ஜூல்ஸ் ஜூபேர் என்னும் பிரெஞ்சுக்காரர் இத்தொழிலில் நன்கு பழகியவர். அவர் கல்கத்தாவிலும் ஒரு காட்சி நடத்த முன்வர, அரசாங்கத்தார் துணைநின்றனர். 1883 டிசம்பர் 4-ஆம் நாள் ராஜப்பிரதிநிதி ரிப்பன் பிரபு அதனைத் திறந்துவைத்தார். அருங்காட்சிச்சாலையும், சௌரங்கிச் சாலைக்கு அப்பாலுள்ள மைதானத்தின் ஒரு பகுதியும் காட்சிக்களமாயின. மாகாணந்தோறும் பண்டங்கள் திரட்டி அனுப்பப்பட்டன. 1884 மார்ச் 10-ஆம் நாள் முடிவெய்திய அக்காட்சியைச் சுமார் 10 இலட்சம் மக்கள் கண்டுசென்றனர். இரயிலும் மாட்டுவண்டியுமே துணையான அந்நாளில் இஃது எளிய தொகையன்று. அங்குத் தொகுத்த பண்டங்களின் விவரமே, ஜார்ஜ் வாட் என்பார் 1889 முதல் 1893 வரை வெளியிட்ட இந்திய விளைபொருள் அகராதிக்கு வித்தாயிற்று.

இனி நாம் ஆராய வேண்டுவது, நம் பண்டங்களைத் தொகுத்துக் காட்டியதன் பயன் எவரைச் சேர்ந்தது என்பதே. காட்சிச் சாலையில் நிற்குந் துணி நெய்தவன் புகழைப் பேசும் என்பர். நாம் அவ்வளவு எளிதில் உடன்படோம். கல்கத்தாக் காட்சிக்கு முன்னரே, 1866-ஆம் ஆண்டில், ஃபோர்ப்ஸ் வாட்சன் என்னும் அதிகாரி இலண்டனிலிருந்த இந்தியப் பொருட்சாலையின் துணிகளை வெட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளாக ஒட்டுவித்தார். சேலையும் வேட்டியும் தலைப்பாகையும் அவற்றுள் அடங்கும். துணியின் நீளம், அகலம், எடை, கிடைத்த ஊர் ஆகியவை குறிக்கப்பெற்றன. நெய்தவன் பெயருக்கு அங்கு இடமில்லை. இந்தியர் உடுப்பது இன்னதெனச் சீமை ஆலைக்காரர் அறிந்து, அவ்வாறே நெய்து இங்கு விற்கவேண்டுமென்பதே நோக்கம். அதனை அவர் மறைக்கவுமில்லை. நம் தறிக்குழியின் நுட்பம், கூலியின்றிக் கற்பிக்கும் ஆசானாயிற்று. அத்தொகுதிகள் 20 படிகள் ஆக்கப்பெற்றன. 13 படிகள் பிரித்தானியத் தொழில் நகரங்களுக்கும் பிறவிடங்களுக்கும் சென்றன. எஞ்சிய 7 படிகளே நம் நாட்டிற்கு வந்தன.