நாற்புரி முடிச்சு

டி.என்.ஏ. இருபுரிச் சுருள் என்பதை 1953-ஆம் ஆண்டில் வாட்சனும் கிரிக்கும் எடுத்துரைத்தனர். அதன் வடிவம் அவ்வளவே என்று மாணவர் பலர் எண்ணக்கூடும். வரலாறு அத்துடன் முடியவில்லை.

உயிரணுவுக்கு ஆற்றலை வழங்கும் உறுப்பு மைட்டோகாண்ட்ரியா. 1963-இல் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் ஆகியோர் கோழிக்கருவின் மைட்டோகாண்ட்ரியாவினுள்ளும் டி.என்.ஏ. இழைகளைக் கண்டனர். 1971-இல் கலிபோர்னியாவில் கசமட்சு, ராபர்சன், வினோகிராட் ஆகிய மூவர் சுண்டெலி உயிரணுக்களிலிருந்து அந்த டி.என்.ஏ. வளையத்தைப் பிரித்து ஆராய்ந்தனர். ஓரிடத்தில் குறுகிய புதிய இழையொன்று புகுந்து, பழைய இழைகளுள் ஒன்றை விலக்கி நின்றது. இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று!

அவ்விழை தொடங்குவதற்கு ஓர் ஆர்.என்.ஏ. துண்டு வேண்டும். அது கிடைக்கும் வழியை 2010-இல் சுவீடன் நாட்டு அறிஞர்கள் விளக்கினர். டி.என்.ஏ.யின் செய்தி ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படும்போது, குவானைன் மிகுந்த பகுதியில் ஆர்.என்.ஏ. நாற்புரி முடிச்சாக மடிகிறது, படியெடுப்பு நின்றுவிடுகிறது, நின்ற துண்டே டி.என்.ஏ. இரட்டிப்புக்குத் தொடக்கமாகிறது. டி.இ.எஃப்.எம். என்னும் புரதம் முடிச்சைத் தடுத்துப் படியெடுப்பைத் தொடரச் செய்வது 2015-இல் புலனாயிற்று.

படியெடுப்பு இன்றைய ஆற்றலுக்கு. இரட்டிப்பு நாளைய உயிரணுக்களுக்கு. உழவன் உணவுநெல்லையும் விதைநெல்லையும் பிரித்து வைப்பதுபோன்ற ஏற்பாடு இது. முடிச்சு விழுந்தால் விதை, விழாவிடின் உணவு.

மாணவர்களே, பாடநூல் காட்டும் வடிவத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு அடங்காததையும் கூர்ந்து நோக்குங்கள்.