சமிக்ஞை விளக்கில் நடுங்கும் மகிழுந்து: ஓர் இரப்பர்த் துண்டின் வரலாறு



இம்முறை இலக்கணத்தையும் தேர்வையும் ஒருபுறம் வைத்துவிட்டு, நாள்தோறும் நம்மைப் பள்ளிக்குச் சுமந்து செல்லும் மகிழுந்தைப் பற்றி எழுத விழைகிறேன். தானியங்கி மகிழுந்து வைத்திருப்போர் பலர் சொல்லும் ஒரு குறை உண்டு. சமிக்ஞை விளக்கில் கியர் 'டி'யில் இருக்க, பிரேக்கை மிதித்தபடி காத்திருக்கும்போது சுழல்வட்டும் இருக்கையும் நடுங்குகின்றன; சில வண்டிகளில் பின்னோக்குக் கண்ணாடியில் தெரியும் உருவமே மங்கிவிடுகிறது. 'என்'னுக்கு மாற்றினால் நடுக்கம் குறைகிறது. வண்டி நகர்ந்ததும் மறைந்தே போகிறது. உடனே பட்டறைக்குச் செல்கிறோம். அங்கே ஒவ்வொரு பாகமாக மாற்றுகிறார்கள். பணம் கரைகிறது, நடுக்கம் அப்படியே இருக்கிறது.

இதற்கான விடை வரலாற்றில் இருக்கிறது. இயந்திரத்தின் அதிர்வை மனிதன் முற்றாக ஒழித்ததே இல்லை. நமக்குத் தெரியாமல் மறைத்து வைத்தான், அவ்வளவே. ஆகவே அதிர்வு தெரியவரும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி ஒன்று உண்டு: அதிர்வு கூடிவிட்டதா, அல்லது அதை மறைத்த திரை கிழிந்துவிட்டதா? இரண்டிற்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

முதலில் அதிர்வின் பிறப்பைப் பார்ப்போம். நான்கு உருளை கொண்ட இயந்திரத்தில் இரண்டு பிஸ்டன்கள் மேலேறும்போது மற்ற இரண்டும் கீழிறங்கும். ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கம்பி சாய்ந்து சாய்ந்து இயங்குவதால், பிஸ்டன் தன் பாதையின் மேற்பாதியில் விரைவாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் செல்கிறது. அதனால் ஈடாகாத விசை ஒன்று மிஞ்சி, ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை இயந்திரத்தை உலுக்குகிறது. இங்கிலாந்தின் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் (1868–1946) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்கு மருந்து கண்டார். எடை பொருத்திய இரு தண்டுகளை, இயந்திரத்தைப்போல் இருமடங்கு வேகத்தில், எதிரெதிர்த் திசைகளில் சுழலவிட்டார். ஓர் உலுக்கலை மற்றோர் உலுக்கலால் அணைக்கும் தந்திரம் அது. ஜப்பானின் மிட்சுபிசி நிறுவனம் 1975இல் அவ்வெண்ணத்தைச் செம்மைப்படுத்திப் பயன்படுத்தியது. 1980களில் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனமே தன் 944 வண்டிக்காக மிட்சுபிசியிடம் உரிமம் பெற வேண்டியிருந்தது.

இருப்பினும் இத்தண்டுகள் விரைவாக ஓடும் இயந்திரத்திற்கே பெரிதும் உதவுவன. வண்டி நிற்க, இயந்திரம் மட்டும் மெதுவாக ஓடும் நிலையை 'வெற்றோட்டம்' என்று சொல்லலாம். பட்டறைகளில் 'ஐட்லிங்' என்பர். அந்நிலையில் நாம் உணர்வது, எரிபொருள் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் எழும் உதையைத்தான். நிமிடத்திற்கு 750 சுழற்சியில் ஓடும் நான்கு உருளை இயந்திரத்தில் வினாடிக்கு 25 உதைகள் விழுகின்றன. இந்த 25 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

தொடக்ககால வண்டிகளில் இயந்திரம் சட்டத்தோடு நேரே முடுக்கப்பட்டிருந்தது. உதை முழுவதும் பயணிகளின் உடலுக்குப் போனது. 1931ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம், தன் பிளிமத் 'பிஏ' வண்டியில் வேறொரு வழியைக் கையாண்டது. இயந்திரம் ஆடட்டும், ஆனால் அந்த ஆட்டம் சட்டத்திற்குப் போகக்கூடாது என்பதே அதன் கருத்து. இயந்திரத்தை முன்னே உயரத்தில் ஒன்று, பின்னே தாழ்வில் ஒன்று என இரண்டு இரப்பர்த் தாங்கிகளில் ஏற்றினர். அவ்விரண்டையும் இணைக்கும் கற்பனைக் கோடு இயந்திரத்தின் எடைமையத்தின் வழியே செல்லுமாறு அமைத்தனர். தன் இயல்பான அச்சில் இயந்திரம் தொட்டில்போல் ஆடியது; உள்ளே இருந்தோர் அமைதியாக இருந்தனர். 'மிதக்கும் விசை' என்னும் பொருளில் 'புளோட்டிங் பவர்' என்று அதற்குப் பெயரிட்டு விளம்பரம் செய்தனர். பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் உரிமம் பெற்று 1932 முதல் அதைப் பயன்படுத்தியது. நீரில் மிதக்கும் அன்னப்பறவையைத் தன் சின்னத்தோடு சேர்த்துக்கொண்டது.

இவ்விடத்தில் நம் வரலாறும் வந்து கலக்கிறது. அன்றைய உலகிற்கு இரப்பரை வழங்கியவை பெரும்பாலும் மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், இலங்கை ஆகியவையே. மலாயாவின் தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெருந்தொகையினர் நம் முன்னோர். பிளிமத் வண்டி வெளிவந்த அந்த ஆண்டுகள் உலகப் பொருளாதார மந்தக் காலம். இரப்பரின் விலை அதலபாதாளத்தில் கிடந்தது; தோட்டங்களில் வேலை இழந்த தமிழர்கள் பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். தம் கை பட்ட பால் உலகின் வண்டிகளை அமைதிப்படுத்தும் பொருளாகப் போகிறது என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்? செயற்கை இரப்பர் வந்த பின்னும், இயந்திரத் தாங்கிகளில் இயற்கை இரப்பரே பெரிதும் விரும்பப்படுகிறது. கோடிக்கணக்கான முறை நசுங்கி மீளும் ஆற்றல் அதற்கு உண்டு. வெப்பமும் எண்ணெயும்தான் அதன் பகைவர்கள்.

இரப்பர் எப்படி அதிர்வை மறைக்கிறது என்பதை வகுப்பிலேயே காட்டலாம். ஓர் இரப்பர் வளையத்தில் சிறு எடையைக் கட்டித் தொங்கவிட்டுக் கையை மேலும் கீழும் அசையுங்கள். மிக மெதுவாக அசைத்தால் எடையும் கூடவே வரும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் துள்ளிக் குதிக்கும். அதைவிட விரைவாக அசைத்தால், வியப்பாக, எடை ஏறத்தாழ அசையாமலேயே நிற்கும். தாங்கி வேலை செய்வது இந்த மூன்றாம் நிலையில். வெற்றோட்டமே இயந்திரத்தின் மிக மெதுவான ஓட்டம் ஆகையால், துள்ளும் வேகத்திற்கு மிக அருகில் இருப்பதும் அதுதான். ஆண்டுகள் பல சென்று இரப்பர் இறுகும்போது, துள்ளும் வேகம் உயர்ந்து வெற்றோட்டத்தை இன்னும் நெருங்குகிறது. நின்றால் நடுக்கம், நகர்ந்தால் அமைதி என்பதன் இரகசியம் இதுவே.

சரி, தானியங்கி வண்டியில் மட்டும் ஏன் இது மிகுதி? ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் எண்ணெயின் வழியாக விசையைக் கடத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் மனத்தில் இருந்தவை கப்பல்கள். அவ்வழியில் வளர்ந்த எண்ணெய் இணைப்பைக் கொண்டே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் வண்டியில் 'ஹைட்ராமேட்டிக்' தானியங்கிப் பல்லிணையை வழங்கியது. கிளட்ச் மிதி மறைந்தது. ஆனால் கிளட்ச் வண்டியில் நின்றிருக்கும்போது இயந்திரம் சக்கரத்திலிருந்து அறவே விடுபட்டிருக்கும், தானியங்கியில் அவ்வாறில்லை. 'டி'யில் நிற்கும்போது ஒரு விசிறி எண்ணெயைத் தள்ளுகிறது, பிரேக்கால் அசையாமல் நிற்கும் மறு விசிறி அதைத் தடுக்கிறது. இயந்திரம் சுமை தாங்கியபடியே நிற்கிறது. அச்சுமையின் எதிர்விசை இயந்திரத்தை ஒரு பக்கமாகத் திருகித் தாங்கியின் இரப்பரை அழுத்துகிறது. நல்ல இரப்பர் அதைத் தாங்கும். விரிசல் விட்ட இரப்பரில் இரும்பு இரும்பைத் தொட்டுவிடும். மறைத்துவைத்த 25 உதைகளும் நேரே சுழல்வட்டுக்கு வரும். 1959இல் வந்த மினியைப் பின்பற்றி இயந்திரத்தைக் குறுக்காக வைக்கும் இன்றைய சிறு வண்டிகளில், இந்தத் திருகலைத் தடுக்கத் தனியொரு தாங்கித் தண்டும் உண்டு. முதலில் தேய்வது பலவேளைகளில் அதன் இரப்பரே. சில வண்டிகளின் தாங்கிக்குள் திரவம் நிரப்பப்பட்டிருக்கும்; அது கசிந்துவிட்டாலும் இதே கதிதான்.

திரை கிழிவது இப்படி. அதிர்வே கூடுவது வேறு கதை. நான்கு உருளைகளுள் ஒன்று சரியாக எரியாவிட்டால் சீரான தாளம் கெட்டு, வினாடிக்கு ஏறத்தாழ ஆறு முறை ஓர் இடறல் தோன்றும். 25 என்பது கைக்கு ரீங்காரமாகத் தெரியும். ஆறு என்பது உடல் உணரும் உலுக்கல். பழைய காலத்துப் 'பொமன்'கள் ஸ்பார்க் பிளக்கின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பர். கழற்றியும் ஓட்டத்தில் மாற்றமில்லை என்றால் அந்த உருளையே குற்றவாளி. எளிய முறை, நுட்பமான அறிவு! (உயர் மின்னழுத்தம் உள்ள வேலை, நாம் செய்து பார்க்கலாகாது.) 1996ஆம் ஆண்டு வண்டிகள் முதல் அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்ட கணினிச் சோதனை முறை இதே வேலையைச் செய்கிறது. கிராங்க் தண்டின் வேகம் எந்த உதைக்குப்பின் தளர்கிறது என்று அளந்து, 'பி0301' என்றால் முதல் உருளை, 'பி0302' என்றால் இரண்டாம் உருளை என எழுதி வைக்கும். தாங்கி கிழிந்ததை மட்டும் அது எழுதாது. அந்தக் கணினி கேட்பது இயந்திரத்தின் தாளத்தை. இரப்பரின் வலி அதற்குக் கேட்பதில்லை.

என் சக ஆசிரியை ஒருவருக்கு நேர்ந்தது இதுதான். பட்டறை ஒன்றில் பிளக்குகளை மாற்றினர், பிறகு காயில்களை மாற்றினர். கணினியில் ஒரு குறியும் வரவில்லை, நடுக்கமும் நிற்கவில்லை. இறுதியில் வேறொரு முதிய பொமன் முன்மூடியைத் திறந்து, விளக்கடித்துப் பார்த்து, வலப்புற 'மவுண்டிங்' கிழிந்திருப்பதைக் காட்டினார். முன்னர்ச் செய்த செலவில் ஒரு சிறு பகுதியே ஆயிற்று.

எனவே பட்டறைக்குப் போகுமுன் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை இறுக மிதித்தபடி, வண்டிக்கு முன்னும் பின்னும் எவரும் நில்லாமல் பார்த்துக்கொண்டு சிலவற்றைக் கவனியுங்கள். 'டி'யிலும் 'ஆர்'ரிலும் நடுங்கி 'என்'னில் அடங்குகிறது, சுழற்சிமானியின் முள் அசையாமல் நிற்கிறது என்றால் ஐயம் முதலில் தாங்கியின்மேல் செல்லட்டும். 'என்'னிலும் இடறுகிறது என்றால் எரிதலில் கோளாறு. முள் ஏறி இறங்கினால், கரி படிந்த திராட்டிலோ காற்றுக் கசிவோ காரணமாகலாம். குளிரூட்டியைப் போட்டவுடன் மட்டும் முள் சரிந்து நடுங்கினால், கூடுதல் சுமைக்கேற்ப இயந்திரத்தின் வேகத்தை உயர்த்தும் ஏற்பாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இயந்திர எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் காத்திராதீர்கள். எரியாத பெட்ரோல் புகைபோக்கியில் உள்ள வினைவேக மாற்றியைச் சுட்டெரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது விலையுயர்ந்த பாகம்.

இன்னொன்றும் உண்டு. 1994இல் வந்த கஞ்சில் மூன்று உருளை வண்டி. 2014இல் வந்த அக்சியாவும் அவ்வாறே. 2020இல் அறிமுகமான புரோட்டோன் எக்ஸ் 50 வண்டியும் மூன்று உருளையோடுதான் வந்தது. எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் முயற்சியில் உலகெங்கும் மூன்று உருளை மீண்டும் தலையெடுத்துள்ளது. அதே 750 சுழற்சியில் இவற்றில் வினாடிக்கு 19 உதைகள்தாம் விழும். மெதுவான உதையை மறைப்பது இரப்பருக்குக் கடினம். இவ்வண்டிகள் புதிதாக இருக்கும்போதே சற்று நடுங்குவன. இத்தகைய வண்டி வைத்திருப்போர், அதே வகை வண்டியை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் அருகில் அமர்ந்து, 'டி'யில் ஒருமுறை நின்று பார்த்த பிறகு பட்டறைக்குப் போகலாம்.